மரமேறும் கயிறு: ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?

சிங்கப்பூரில் மரப் பராமரிப்புக் குழு ஒன்றில் மூன்று ஆண்டுகளாக ஏறிவரும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கிளை பிரியும் கவட்டையில் கயிற்றை மடித்துப் போட்டு இரு பக்கமும் தொங்கவிட்டு ஏறும் முறையையே அவர் கற்றிருக்கிறார். உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒற்றைக் கயிற்றுக்கு மாறிவிட்டார்கள். தானும் மாறலாமா, இரண்டில் எது பாதுகாப்பானது, மாறினால் எந்தக் கயிற்றை வாங்குவது என்பவை அவருடைய கேள்விகள். இடையே தென்னையைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறார். மாறலாம், ஆனால் உடன் இருப்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக, அதாவது வேகத்துக்காக, மாற வேண்டாம். உராய்வு எங்கே நிகழ்கிறது, சுமை எங்கே போய் விழுகிறது என்ற இரண்டு விஷயங்களில்தான் இரு முறைகளும் அடிப்படையில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு பிடிபடாமல் ஒற்றைக் கயிற்றில் ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு அச்சமாகவே இருக்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'இரட்டைக் கயிறு' என்று தமிழில் சொன்னால் இரண்டு தனித்தனிக் கயிறுகள் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். பழைய முறையில் இருப்பது ஒரே கயிறுதான். அது மேலே மடிந்து இரு பக்கங்களாக இறங்குகிறது. ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருந்ததால்தான் அண்மைக் காலத்தில் வட அமெரிக்கத் தொழில்துறை, கயிறு ஓடும் முறைக்கு 'மூவிங் ரோப்' என்றும் கயிறு அசையாமல் நிற்கும் முறைக்கு 'ஸ்டேஷனரி ரோப்' என்றும் பெயர்களை மாற்றிக்கொண்டது. நான் இங்கே பழைய மடிப்பு முறையை ஓடுகயிறு என்றும், ஒற்றைக் கயிற்று முறையை நிலைகயிறு என்றும் எழுதுகிறேன். ஏறுபவர் மேலே போகும்போது கயிறும் கவட்டையின் மேல் ஓடுகிறதா, அல்லது கயிறு நின்றிருக்க அவர் மட்டும் அதன்மேல் நகர்கிறாரா என்பதே முழு வேறுபாடும்.

ஓடுகயிற்றில் கயிற்றின் ஒரு முனை உங்கள் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டையில்) கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மேலே போய்க் கவட்டையைச் சுற்றி இறங்கும் மறுபக்கத்தை, ஹார்னஸில் இணைந்த ஒரு பிடிமுடிச்சு பற்றியிருக்கும்; சுமை விழும்போது கயிற்றை இறுகப் பற்றி, கையால் தளர்த்தினால் நகரும் முடிச்சு அது. உங்கள் எடை கருவிகளோடு சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 45 கிலோவைத் தாங்கும். ஒரு மீட்டர் ஏறுவதற்கு இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும், அதற்கு ஈடாகப் பாதி எடையைத்தான் இழுக்கிறீர்கள். பாடத்தில் சொல்லித்தருவது இவ்வளவுதான். மரத்தில் நடப்பது வேறு. பட்டையின் மேல் அரைச்சுற்றுச் சுற்றிய கயிற்றுக்கு உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், இழுக்கும் பக்கத்தின் இழுவிசை மறுபக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடும். அதாவது 45 கிலோவுக்குப் பதிலாக நீங்கள் இழுப்பது 65 கிலோவுக்கு அருகில் இருக்கும். காலை முதல் மாலை வரை வெறும் கவட்டையில் ஏறியவரின் தோளும் முன்கையும் ஏன் அப்படி வலிக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மேலே கேம்பியம் சேவரை, அதாவது கிளையைச் சுற்றிக் கட்டி அதன் வளையத்திலோ கப்பியிலோ கயிற்றை ஓடவிடும் வாரை, போட்டால் இந்த இழப்பின் பெரும்பகுதி போய்விடும். கயிறு உரசிப் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசு வெந்து கருகுவதும் நிற்கும்.

இதே உராய்வு இறங்கும்போது நமக்கு நண்பனாகிவிடுகிறது. அப்போது கயிறு எதிர்த்திசையில் ஓடுவதால், கட்டிய முனையின் பக்கம் 65 கிலோவையும் பிடிமுடிச்சின் பக்கம் 25 கிலோவையும் தாங்கும். உங்கள் விரல்களுக்குக் கீழே இருக்கும் முடிச்சு 90 கிலோவில் கால்பங்கைவிடச் சற்று கூடுதலாகத்தான் தாங்குகிறது. மீதியைக் கவட்டையும் மறுபக்கமும் எடுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சின் வழிவந்தவையும், 1994-க்குப் பிறகு ஜேசன் பிளேக்கின் பெயரால் பரவிய பிளேக்ஸ் ஹிட்சும் மரத்தில் இத்தனை இலகுவாக வழுக்கிக்கொடுப்பதற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான். முடிச்சுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு மேலே இருக்கும் கிளைக்குப் போக வேண்டும்.

இப்போது அதே முடிச்சை நிலைகயிற்றில் போட்டுப் பாருங்கள். மேலே எதுவும் ஓடாததால் உராய்வைப் பகிர்ந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. 90 கிலோவும் அந்த ஒரே முடிச்சின் மேல் விழுகிறது. அது கயிற்றை இறுக்கிக் கவ்விக்கொள்ளும்; எளிதில் இளகாது. வலிந்து இளக்கினால் திடீரென்று வழுக்கும், சூடேறும், கயிற்றின் மேலுறை கண்ணாடிபோல் பளபளத்துப் போகும். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். டைனீமா போன்ற இழைகளோ 150 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். பிடிமுடிச்சுக்கான சிறுகயிறுகளில் எளிதில் உருகாத அராமிட் இழைகளைக் கலந்து நெய்வது இதனால்தான். மரப் பராமரிப்பு வேலையில் நிலைகயிறு நெடுங்காலம் மேலே போய்ச் சேர்வதற்கான வழியாக மட்டுமே இருந்தது; உச்சிக்குப் போனதும் எல்லாரும் ஓடுகயிற்றுக்கு மாறி வேலை செய்தார்கள். 2010-களின் தொடக்கத்தில் கெவின் பிங்கமின் ரோப் ரெஞ்ச் பரவிய பிறகே இந்த நிலை மாறியது. பிடிமுடிச்சுக்கு மேலே அமர்ந்து, சுமை விழும்போது மட்டும் கயிற்றை வளைத்து உராய்வு தந்து, சுமை நீங்கியதும் கயிற்றை விட்டுவிடும் சிறு கருவி அது. கவட்டை செய்துவந்த வேலையைக் கருவி முடிச்சின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டது என்று புரிந்துகொண்டால் போதும். அதன்பின் வந்த இயந்திரக் கருவிகளின் வடிவம் வேறானாலும் அவை தீர்க்கும் சிக்கல் இதுவேதான்.

அடுத்தது சுமை. உயிர் போவதும் பிழைப்பதும் இங்கேதான் தீர்மானமாகின்றன என்பதால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன். ஓடுகயிற்றில் கவட்டையின் மேல் விழுவது உங்கள் எடை மட்டுமே: இரு பக்கங்களும் சேர்ந்து 90 கிலோ. நிலைகயிற்றை மேலேயே கிளையில் இறுக்கிக் கட்டினாலும் (இது மேற்கட்டு) அதே 90 கிலோதான். ஆனால் பெரும்பாலோர் செய்வது மூன்றாவது வகை: எடைப்பை கட்டிய எறிகயிற்றை வீசி அதனால் கயிற்றைக் கவட்டையில் ஏற்றி, மறுமுனையைத் தூரில், அதாவது மரத்தின் அடியில், கட்டிவிட்டு ஏறுவது. இதுவே தூர்க்கட்டு. அப்போது நீங்கள் தொங்கும் பக்கத்தில் 90 கிலோ இருக்க, அதைச் சமன்செய்யத் தூருக்குப் போகும் பக்கமும் 90 கிலோ வரை இழுக்கும். இரண்டையும் கவட்டை சுமக்க வேண்டும். உராய்வு இல்லையென்றால் 180 கிலோ. மேற்சொன்ன உராய்வு முழுதாக உதவினாலும் 125 கிலோவுக்குக் குறையாது. இது அசையாமல் தொங்கும்போது உள்ள கணக்கு. கயிற்றைக் கவ்வி மேல்நோக்கி மட்டும் நகரும் கால் ஏறுகருவியை மாற்றி மாற்றி மிதித்துத் துள்ளித் துள்ளி ஏறுபவர் ஒவ்வொரு துள்ளலிலும் இதைக் கூட்டுகிறார். உங்கள் எடையைத் தாங்கும் கிளை உங்களைத் தாங்கும் என்ற ஓடுகயிற்றுப் பழக்கத்தின் கணிப்பு இங்கே பாதியளவு தவறு.

ஒருமுறை அல்பீசியா மரம் ஒன்றில் எறிபை ஒரே எறியில் நான் நினைத்த இடத்தில் விழுந்துவிட்டதாக மகிழ்ந்தேன். தரையிலிருந்து பார்த்தால் கயிறு கவட்டையின் மேலே கிடப்பதாகவே தெரிந்தது. நானும் தரைப்பணியாளர் ஒருவரும் சேர்ந்து கயிற்றில் தொங்கி இழுத்தபோது படக்கென்று ஒரு முறிவுச் சத்தம். கயிறு இரண்டு மீட்டர் கீழே இறங்கி வேறொரு கிளையில் நின்றது. கவட்டைக்கு ஓரடி முன்னால் இருந்த காய்ந்த முளைக்குச்சியின் மேல்தான் அது முதலில் கிடந்திருக்கிறது. இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்துச் சோதிக்காமல் தூர்க்கட்டில் ஏறக் கூடாது என்பதும், சோதிக்கும் முன் தொலைநோக்கியால் கயிறு போகும் பாதை முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதும் நான் யாருக்கும் தளர்த்தாத விதிகள்.

தூர்க்கட்டுக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. உயிரைத் தாங்கும் கயிறு தரையில், மற்றவர்களின் கைக்கும் ரம்பத்துக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பது அதன் கேடு. கீழே கிடக்கும் கிளைகளை அறுப்பவர் அந்தக் கட்டுக்கு அருகில் வரவே கூடாது. துண்டாக்கும் இயந்திரத்துக்குள் போகும் கிளைகளோடு கயிற்றின் வால் சிக்கிவிடாத இடத்தில் இருக்க வேண்டும். அதன் நன்மையோ மீட்பின்போது தெரியும். தூரில் வெறும் முடிச்சுக்குப் பதிலாக ஓர் இறக்குகருவியை வைத்து, மரத்தின் உயரத்துக்கு மேற்பட்ட நீளத்தில் உபரிக் கயிற்றையும் விட்டிருந்தால், மேலே மயங்கியவரைத் தரையில் நிற்பவரே இறக்கிவிடலாம். அவருக்கும் தரைக்கும் இடையே கயிறு கிளைகளில் சிக்காமல் இருந்தால்தான் அது நடக்கும். வேலையின் நடுவில் அவர் நாலு கிளை சுற்றிப் போயிருந்தால் நடக்காது. மேற்கட்டில் இந்த வசதி கிடையாது. ஓடுகயிற்றில் மீட்பவர் ஏறிப்போய், காயமுற்றவரின் முடிச்சைத் தானே இயக்கி இறக்க வேண்டியிருக்கும். நிலைகயிற்றுக் கருவிகளில் இரண்டு பேரின் சுமையை ஏற்றும் முன், அந்தக் கருவிக்குத் தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச எடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்குப் போதுமான உராய்வு இருவருக்குப் போதாது. ஆபத்து நேரத்தில் கையேட்டைத் தேட முடியாது.

கயிற்றின் நெகிழ்வையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே கயிறு, ஒரே உயரம், ஒரே ஆள் என்றால், உராய்வைத் தள்ளிவிட்டுக் கணக்கிடும்போது ஓடுகயிற்றில் நீங்கள் ஒரு பங்கு தொய்ந்தால் மேற்கட்டில் இரு பங்கும் தூர்க்கட்டில் நான்கு பங்கும் தொய்வீர்கள். தூர்க்கட்டில் முழு எடையும் இரு மடங்கு நீளத்தில் விழுவதே அதற்குக் காரணம். தரையிலிருந்து கிளம்பும் முதல் சில மீட்டர்களில் ஊஞ்சல்போல் ஆடுவதும் இதனால்தான். ஆகவே நிலைகயிற்றுக்கு நெகிழ்வு குறைந்த கயிறு வேண்டும். உங்கள் மூன்றாம் கேள்விக்கான விடையின் பாதி இது.

அப்படியானால் நிலைகயிற்றை எதற்காகத்தான் விரும்புகிறார்கள்? ஏறுவதற்கு என்பது முதல் விடை. 25 மீட்டர் உயரத்துக்கு ஓடுகயிற்றில் 50 மீட்டர் கயிற்றைக் கையாலும் இடுப்பாலும் இழுத்தாக வேண்டும். நிலைகயிற்றில் ஒரு காலில் பாத ஏறுகருவியும் மறுகாலில் முழங்கால் ஏறுகருவியும் மாட்டிப் படியேறுவதுபோல் தொடையின் வலிமையால் நடந்தே போய்விடலாம். குகைகளில் இறங்கி ஏறுபவர்கள் வளர்த்த உத்தி அது. மழைக்காடுகளின் மேல்விதானத்தை ஆராய்ந்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கோஸ்டாரிகாவில் டொனால்ட் பெர்ரி 1978-இல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையில் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் காக்காச்சிக் காட்டில் மரங்களின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்தவர்களும் ஒற்றைக் கயிற்றில்தான் உச்சிக்குப் போனார்கள். பூவைப் பார்க்கப் போனவர்களுக்கு மேலே போய் அமர்ந்தால் போதும். நமக்கோ மேலே போன பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

நிலைகயிற்றின் உண்மையான மேன்மை, என் கணிப்பில், விதானத்துக்குள்தான் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சாலைகளில் நீங்கள் நாளும் பார்க்கும் தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடைபோல் விரிந்த அதன் கிளைகள் தண்டிலிருந்து பக்கவாட்டில் பத்துப் பதினைந்து மீட்டர் ஓடும். நடுவில் ஒரே கவட்டையில் கட்டிக்கொண்டு கிளை நுனிக்குப் போனால் கயிறு கிட்டத்தட்டக் கிடையாகிவிடும். கால் தவறினால் தண்டை நோக்கிப் பெரிய வீச்சில் ஊசலாடிப் போய் மோத வேண்டியதுதான். இதைத் தவிர்க்க, போகும் வழியில் வேறொரு கிளையின் மேல் கயிற்றைப் போட்டு அதன் திசையைத் திருப்புகிறோம். ஓடுகயிற்றில் அப்படித் திருப்பும் ஒவ்வோர் இடமும் புதிய உராய்வைக் கொண்டுவரும். அந்த உராய்வுகள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இரண்டு கிளைகளில் திருப்பினால் கயிறு அசைய மறுக்கும். நிலைகயிற்றில் கயிறு ஓடுவதே இல்லை என்பதால் மூன்று கவட்டைகளில் திருப்பினாலும் ஏறுபவருக்கு எந்த இழப்பும் இல்லை. பரந்த மரத்தில் இதன் அருமை ஒரே நாளில் தெரிந்துவிடும். பட்டையின் மேல் கயிறு உரசி ஓடாததால் மெல்லிய பட்டை கொண்ட மரங்களுக்கும் இது நல்லது. ஆனால் திருப்பிய ஒவ்வொரு கிளையும் பக்கவாட்டு இழுப்பை வாங்குகிறது. அந்தக் கிளை முறிந்தால் நீங்கள் உடனே தரைக்கு விழாவிட்டாலும், கயிற்றில் திடீரென்று உருவாகும் தொய்வின் அளவுக்கு விழுந்து வீச்சில் போவீர்கள். ஆகவே திருப்புகிளையையும் தாங்குகிளையைப் போலவே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறுபுறம், கிளை நுனியிலிருந்து தண்டை நோக்கித் திரும்பி நடக்கும்போது ஓடுகயிற்றின் பாதிச் சுமை வசதி பெரிதும் உதவும். ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்துவிடலாம். நிலைகயிற்றில் உங்களை நீங்களே முழு எடையோடு இழுக்க வேண்டும். ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக நுணுக்கமாக இடம் மாறி வெட்டும் வேலைகளிலும், சிறிய கச்சிதமான மரங்களிலும் நான் இன்றும் ஓடுகயிற்றையே கட்டுகிறேன். வேலை முடிந்ததும் முனையை அவிழ்த்து இழுத்தால் அது கையோடு வந்துவிடும். மேற்கட்டு நிலைகயிற்றை இறக்க, தரையிலிருந்து அதை இழுத்தெடுக்கும் கயிறு ஒன்றை முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும்; அதை மறந்து இறங்கிவிட்டு, கயிற்றை எடுக்க மீண்டும் ஏறாதவர் எங்கள் தொழிலில் குறைவு.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எது பாதுகாப்பானது என்பதற்கு ஒரு சொல்லில் விடை கிடையாது. ஆனால் ஒரு கயிறு எத்தனை பக்கமாகத் தொங்கினாலும் அது ஒரு கயிறுதான் என்பதை மனத்தில் வையுங்கள். ஓடுகயிற்றில் இரண்டு பக்கங்கள் இருப்பதால் ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும் என்று சிலர் நம்புகிறார்கள்; ஒரு பக்கம் அறுந்த கணமே மறுபக்கம் கவட்டையின் மேல் ஓடி வந்துவிடும். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் உயரப்பணி விதிகள் கயிற்றுவழிப் பணிக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகளைக் கேட்கின்றன. இரண்டாவது கயிறு ஆபத்தைக் கூட்டும் என்று மதிப்பீட்டில் தெரிந்தால் மட்டும் விலக்கு உண்டு. மரப் பராமரிப்பு வேலையில் அந்த விலக்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2019–20-இல் அங்குள்ள அரசுப் பாதுகாப்பு அமைப்பு இதை வற்புறுத்தத் தொடங்கி, 2020-இல் வந்த தொழில்துறை நடைமுறை நூலின் இரண்டாம் பதிப்பும் இரு கயிறுகளையே இயல்பான நிலையாக வைத்தது. அங்கே பலர் இப்போது ஒன்றை நிலைகயிறாகவும் மற்றொன்றை ஓடுகயிறாகவும் கட்டி, மரத்தில் இரண்டையும் மாறி மாறி நம்புகிறார்கள். ஆகவே ஒன்றைக் கற்று மற்றதை மறப்பது புத்திசாலித்தனம் ஆகாது. எந்த முறையில் இருந்தாலும், மேலே ரம்பத்தை இயக்கும்போது இடுப்பு இணைப்புக் கயிற்றால் இரண்டாவது பிடி ஒன்று இருந்தே தீர வேண்டும்.

கயிறு வாங்குவதைப் பொறுத்தவரை, உங்கள் கருவிக்கு ஏற்ற விட்டத்தைத் தயாரிப்பாளரின் ஏட்டில் பார்த்து அதற்குள் வாங்குங்கள். பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1891-இன் 'ஏ' வகை என்று பொறித்திருந்தால், அந்தக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கும் என்றும், 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குச் சுமை கூடும்போது 5 சதவீதத்துக்கு மேல் நீளாது என்றும் பொருள். இரண்டு சதவீதத்தை ஒட்டியவையும் கிடைக்கும்; தூர்க்கட்டில் ஏறுவதானால் அவற்றையே தேடுங்கள். நீளத்தில் சிக்கனம் வேண்டாம். 20 மீட்டர் மரத்தில் தூர்க்கட்டுக்கு ஏற 40 மீட்டருக்கு மேலும், தரையிலிருந்து இறக்கும் வசதி வேண்டுமானால் 60 மீட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும்.

இடையில் தென்னைக்கும் இந்த முறைகள் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. கவட்டையே இல்லாத மரத்தில் மட்டையின் மேல் கயிற்றைப் போடுவது தற்கொலைக்குச் சமம். அங்கே ஏற, தண்டைச் சுற்றிக் கட்டும் வாரும் தென்னைக்கான ஏறுகருவியுமே வழி.

மாறுவது என்று முடிவெடுத்தால், புதிய கருவியோடு முதல் மாதம் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் போகாதீர்கள். தாழ்ந்த கிளையில் மேற்கட்டு ஒன்றைப் போட்டு, ஏறி, இறங்கி, பாதியில் நின்று, ஏறுகருவியிலிருந்து இறங்குநிலைக்கு மாறி, கையுறையோடும் ஈரக்கையோடும் செய்துபாருங்கள். பிறகு குழுவில் ஒருவரை மயங்கியவராகத் தொங்கவைத்து, நீங்கள் ஏறிப்போய் அவரை இறக்குங்கள். அடுத்து நீங்கள் தொங்க, அவர் உங்களை இறக்கட்டும். அது இருவருக்கும் தடுமாற்றமின்றி வந்த பிறகு தூங்குமூஞ்சி மரத்துக்குப் போகலாம்.